மெட்டு ஏற எந்த வண்டி? மீட்டியார் 350, வி-ஸ்ட்ராம் 250, ஹிமாலயன் 450: போடியிலிருந்து ஒரு ஒப்பீடு

எங்கள் தெருவிலிருந்து மெயின் ரோட்டுக்கு வந்தால் ஒரு பக்கம் மூணாறு, இன்னொரு பக்கம் மதுரை. இரண்டுக்கும் ஒரே சாலைதான். கொச்சியில் புறப்பட்டு தனுஷ்கோடியில் கடலைத் தொடுகிற பழைய தேசிய நெடுஞ்சாலை 49. இப்போது எங்கள் பக்கம் அதற்கு எண் 85, மதுரை தாண்டி தனுஷ்கோடிக்குப் பிரிகிற பகுதி 87. பழைய ஆட்கள் இன்னும் நாற்பத்தொன்பது என்றுதான் சொல்வார்கள். மேற்கே போனால் முந்தல் தாண்டியதும் மலை. பதினேழு கொண்டை ஊசி வளைவுகள், ஏறக்குறைய 1,000 மீட்டர் ஏற்றம், உச்சியில் போடிமெட்டு (எங்களுக்கு வெறும் மெட்டு), அதோடு கேரளா. கிழக்கே போனால் ஆண்டிபட்டி கணவாயின் காற்று, உசிலம்பட்டி, மதுரை, பிறகு ராமநாதபுரத்து வெயில், பாம்பன் பாலம், மணல். இந்தியாவில் இருக்கிற எல்லா வகைச் சாலைக்கும் ஒரு மாதிரித் துண்டு இந்த ஒரு சாலையில் கிடைக்கும். அதனால் நீண்ட பயணத்துக்கு வண்டி மாற்றுவது என்று முடிவானதும், வேறு எங்கேயும் போகாமல் இந்தச் சாலையிலேயே மூன்று வண்டிகளையும் ஓட்டிப் பார்த்தேன்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வண்டி ஒப்பீட்டில் ஓட்டுகிறவரின் உயரத்தையும் ஊரையும் சொல்லாமல் விட்டால் மிச்சமெல்லாம் பாதிப் பயன்தான். என் உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். ஏலக்காய் வியாபாரியிடம் கணக்கு வேலை. அப்பாவின் எக்ஸ்.எல். வண்டியில் கொட்டகுடி ஆற்றங்கரையில் பழகினேன். பிறகு ஸ்கூட்டர். அதன் பிறகு ஏழு வருடமாக 150 சி.சி. வண்டி. அந்த 150-ல் மூணாறு, வாகமண், தேக்கடி, ஒருமுறை தனுஷ்கோடி வரை போய் வந்திருக்கிறேன். அது என்னை எங்கேயும் கைவிட்டதில்லை. ஆனால் நாலு மணி நேரம் தாண்டினால் உள்ளங்கை மரத்துப்போகிறது. அம்மாவைப் பின்னால் உட்கார வைத்து, பை ஒன்றையும் கட்டிக்கொண்டு மெட்டு ஏறினால் பாதி வளைவுகளில் முதல் கியர். மதுரை ரோட்டில் 80-க்கு மேல் ஹேண்டில் நடுங்கும், பஸ்ஸை முந்த தைரியம் வராது. ஓட்டத் தெரிந்த அளவுக்கு வண்டி வரவில்லை என்று முதன்முறையாகத் தோன்றியது ராமேஸ்வரத்திலிருந்து திரும்பி வந்த அந்த இரவில்தான்.

பட்டியலில் வைத்த மூன்று: ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350, சுசுகி வி-ஸ்ட்ராம் எஸ்.எக்ஸ். 250, ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450. மீட்டியார் கூட வேலை பார்க்கும் அண்ணனுடையது. ஹிமாலயன் தேனியில் இருக்கும் சித்தி மகனுடையது. வி-ஸ்ட்ராம் கட்டப்பனையில் இருக்கும் மலையாளித் தோழியுடையது. மூன்றையும் குறைந்தது இரண்டிரண்டு நாள் கையில் வைத்திருந்தேன். ஷோரூம் வாசலில் அரை கிலோமீட்டர் ஓட்டிப் பார்ப்பது ஒரு தீர்மானத்துக்கும் உதவாது.

அளவுகளைப் பார்த்துவிடுவோம். மீட்டியார் 349 சி.சி., 20 குதிரைத்திறன் சொச்சம், எடை 191 கிலோ, சீட் உயரம் 765 மி.மீ. வி-ஸ்ட்ராம் 249 சி.சி., 26.5 பி.எஸ். (இதுவும் குதிரைத்திறன் கணக்குதான்), 167 கிலோ, சீட் 835. ஹிமாலயன் 452 சி.சி., 40 பி.எஸ்., 196 கிலோ, சீட் 825. அதை 845 வரை ஏற்றிக்கொள்ளலாம், குட்டை சீட் வாங்கிப் போட்டால் 805-க்கு இறங்கும். தரையிலிருந்து அடிப்பாக உயரம் முறையே 170, 205, 230. காகிதத்தில் பார்த்தால் ஹிமாலயன் ஜெயித்துவிட்டது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். என் மனதில் ஒரு வருடமாக ஓடிக்கொண்டிருந்தது அந்த வண்டிதான்.

பன்னிரண்டாவது வளைவு

மெட்டு ரோட்டை அறியாதவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

காலையில் போடியிலிருந்து ஜீப்புகள் தோட்டத்து வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு மேலே போகும். சாயங்காலம் நாலு, நாலரைக்கு மேல் அதே ஜீப்புகள் வரிசையாக இறங்கும். அந்த நேரத்தில் நீங்கள் ஏறிக்கொண்டிருந்தால், ஒவ்வொரு வளைவிலும் எதிரே ஒரு ஜீப் அகலமாக வரும் என்று எண்ணிக்கொண்டே போக வேண்டும். ஹிமாலயனை எடுத்துப் போன நாள் மேகம் வேறு இறங்கியிருந்தது. பன்னிரண்டாவது வளைவு எனக்கு இடப்பக்க வளைவு. இடப்பக்கம் என்றால் ஏறுகிறவருக்கு உள்வட்டம். செங்குத்தான ஏற்றம் அங்கேதான். சாலை உள்பக்கமாகச் சரிந்தும் இருக்கும். பாதி வளைவில் ஜீப்பின் விளக்கு தெரிந்தது. ஒதுங்கி நின்றுவிட்டேன்.

நின்ற அந்த நொடியில் வலது கால் பின் பிரேக்கில். எடுத்தால் வண்டி பின்னால் போகும். ஆகவே இடது காலைத்தான் ஊன்ற வேண்டும். இடப்பக்கம்தான் தரை தாழ்ந்திருக்கிறது. சமதளத்தில் பெருவிரல் நுனி படுகிற சீட் உயரம், அங்கே காற்றில்தான் முடிந்தது. கால் தரையைத் தேடுகிற நேரத்துக்குள் வண்டி கொஞ்சம் சாய்ந்தது. அந்தக் கொஞ்சத்துக்குள் பிடித்துவிட்டால் பிழைத்தோம். அதைத் தாண்டிவிட்டால் 196 கிலோவை யாராலும் ஒரு காலால் நிறுத்த முடியாது. மெதுவாக, கிட்டத்தட்ட மரியாதையாக, படுத்துவிட்டது.

எனக்கு அடி ஒன்றும் இல்லை. ஜீப்பிலிருந்து நாலைந்து பெண்கள் இறங்கி ஓடி வந்தார்கள். "ஏத்தா, கால் சிக்கிக்கிருச்சா?" என்று கேட்டுக்கொண்டே ஒரு அம்மா என் தோளைப் பிடித்தார். மற்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்து வண்டியைத் தூக்கி நிறுத்தினார்கள். நாளெல்லாம் ஏலக்காய் பறித்த கைகள். கை எடுத்துக் கும்பிட்டேன். "பாத்துப் போ தாயி" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டார்கள்.

தப்பு வண்டியின் மேல் இல்லை. நின்ற முறையில் இருந்தது. மறுநாள் எங்கள் தெரு மெக்கானிக் அண்ணனிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "தங்கச்சி, ஓட்டுறப்ப விழுறவங்கள விட நிப்பாட்டுறப்ப விழுறவங்கதான் ஜாஸ்தி. நீ பின் பிரேக்க மட்டும் நம்புற. முன் பிரேக்கப் பிடிச்சு நிக்கப் பழகு" என்றார். அவர் காட்டிக்கொடுத்தது இதுதான்: உள்வளைவு ஏற்றத்தில் நிற்க வேண்டி வந்தால், வண்டியைக் கடைசி ஒரு முழத்தில் நேராக்கி, முன் பிரேக்கை இரண்டு விரலால் இறுகப் பிடித்துக்கொண்டு, மேடான வலப்பக்கம் வலது காலை ஊன்றுவது. புறப்படும்போது அந்த இரண்டு விரலை எடுக்காமலே மற்ற விரல்களாலும் உள்ளங்கையாலும் ஆக்சிலேட்டரை முறுக்கி, கிளட்ச் பிடித்து வண்டி முன்னால் இழுக்கத் தொடங்கியதும் பிரேக்கை விடுவது. கேட்க எளிது. முந்தல் பக்கம் ஒரு சரிவில் என் 150-லேயே பத்து நாள் காலை ஆறு மணிக்குப் போய்ப் பழகினேன். ஏழு வருடம் ஓட்டியும் எனக்கு இது தெரியாமல் இருந்தது.

பழகின பிறகு மூன்று வண்டியையும் அதே வளைவில், ஆள் இல்லாத காலை நேரத்தில், வேண்டுமென்றே நிறுத்தி எடுத்துப் பார்த்தேன்.

மீட்டியாரில் இந்த வித்தையே தேவைப்படவில்லை. 765 மி.மீ. சீட்டில் எனக்கு இரண்டு பாதமும் தரையில் படிகிறது. 191 கிலோ என்பதே மறந்துபோகிறது, அத்தனை எடையும் கீழே இருக்கிறது. இஞ்சினின் முழு இழுவையான 27 நியூட்டன் மீட்டர் நிமிடத்துக்கு 4,000 சுற்றிலேயே கிடைப்பதால், கிளட்சை விட்டால் போதும், தானே ஏறுகிறது. மூன்றாவது கியரில் நுழைந்து மூன்றாவது கியரிலேயே வெளியே வந்த வளைவுகள் உண்டு.

வி-ஸ்ட்ராமின் சீட் மூன்றிலும் உயரம். ஆனால் நடுவில் ஒல்லி. பிட்டத்தைக் கொஞ்சம் நகர்த்தி உட்கார்ந்தால் வலது கால் முழுதாக ஊன்றுகிறது. சாயத் தொடங்கினாலும் 167 கிலோவை என் ஒரு தொடை தாங்கிவிடுகிறது. இதை வேண்டுமென்றே கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்துச் சோதித்தேன். என்ன செய்ய வேண்டியிருக்கிறது என்றால், கியர் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இதன் இழுவை 22.2 நியூட்டன் மீட்டர், அதுவும் 7,300 சுற்றில்தான் முழுசாக வரும். சோம்பேறித்தனமாக மூன்றில் வளைவுக்குள் போனால் முக்கும். இரண்டில் போட்டு, இஞ்சினைக் கத்த விட்டால் துள்ளிக்கொண்டு ஏறும். மேலே போகப் போகக் காற்று மெலிந்து எல்லா வண்டிக்கும் மூச்சு கொஞ்சம் குறைகிறது. 250-ல் அது நன்றாகத் தெரிகிறது, 450-ல் தெரியவே இல்லை.

ஹிமாலயனிலும் புது முறையில் நின்று எடுக்க முடிந்தது. பத்துக்கு எட்டு முறை. பை கட்டாமல், மழை இல்லாமல், உடம்பு அசதி இல்லாமல். எட்டு முறை என்பது எனக்குப் போதவில்லை. கொச்சியிலிருந்து திரும்பி, சாரலில், இருட்டில், 180 கிலோமீட்டர் ஓட்டிக் களைத்த பிறகு இதே வளைவில் இறங்கவோ ஏறவோ வேண்டிய ஆள் நான். என் நீண்ட பயணங்கள் எல்லாம் மலையில்தான் முடிகின்றன.

சமவெளி, காற்று

இங்கே கணக்கு தலைகீழ்.

தேனியிலிருந்து மதுரை போகும்போது ஹிமாலயனுக்கு ஈடு மற்ற இரண்டிலும் இல்லை. ஆறாவது கியரில் 100-ல் போகும்போது இஞ்சின் வேலை செய்கிற மாதிரியே தெரியாது. லாரியை முந்த கியர் குறைக்க வேண்டாம். சாலையில் ஒரு பள்ளத்தைக் கடைசி நொடியில்தான் பார்த்தேன், முன்னும் பின்னும் 200 மி.மீ. ஏறி இறங்குகிற ஷாக், ஒன்றுமே நடக்காதது போல விழுங்கிவிட்டது. மதுரை தாண்டி ராமநாதபுரம் வரை போய்த் திரும்பினேன். இறங்கும்போது முதுகு புறப்பட்டபோது இருந்த மாதிரியே இருந்தது. மனசு ரொம்ப இழுத்த நாள் அது.

மீட்டியார் 80, 85-ல் ராஜா. அந்த வேகத்தில் நாள் முழுக்கப் போகலாம், தடதடவென்ற ஒரு சீரான சத்தத்தோடு. 100-க்கு மேல் அதை வற்புறுத்துவது சரியில்லை, இருபது குதிரைத்திறனால் அவ்வளவுதான் முடியும். முந்துவதற்கு எதிரே நீண்ட வெற்றிடம் பார்த்துத்தான் போக வேண்டும். நான் 80-க்கு மேல் போகாத ஆள் என்று சொல்கிறவர்களுக்கு இது குறையே அல்ல.

வி-ஸ்ட்ராம் 100-ல் போகும், தாராளமாகப் போகும். ஆனால் இஞ்சின் சுற்று அதிகம் என்பது கால் வழியாகத் தெரிந்துகொண்டே இருக்கும். 90-ல் வைத்தால் நிம்மதி. அதன் உண்மையான சோதனை வேறு இடத்தில் வந்தது. தென்மேற்குப் பருவத்தில் மலை இடுக்குகள் வழியாக எங்கள் பள்ளத்தாக்குக்குள் காற்று பாய்ந்து வரும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது இங்கே பழமொழி மட்டும் இல்லை, ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் நிற்பது சும்மாவா? அந்தக் கணவாயில் பக்கவாட்டுக் காற்று வி-ஸ்ட்ராமை ஒரு அடி தள்ளியது. உயரமான, லேசான வண்டி என்றால் அப்படித்தான். ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க மோசமாகும். முழங்காலால் டேங்கை அணைத்து, கையைத் தளர்த்தி, வேகத்தை 60-க்குக் குறைத்தால் சமாளிக்கலாம். மீட்டியார் அதே இடத்தில் எருமை மாதிரி அசையாமல் போனது. பாம்பன் பாலத்தின் மேலும் கடல் காற்று இதே வேலையைச் செய்யும், இருபுறமும் தண்ணீர் வேறு. அங்கே லேசான வண்டிக்காரர்கள் கவனமாகத்தான் போக வேண்டும்.

உட்காரும் விதம்

இதைப் பற்றி யாரும் சரியாகப் பேசுவதில்லை. மீட்டியாரில் கால் முன்னால் நீட்டி உட்கார வேண்டும். சாய்வு நாற்காலி மாதிரி முதல் நூறு கிலோமீட்டர் சொகுசு. ஆனால் கால் முன்னால் இருந்தால் உடம்பின் எடை முழுவதும் இடுப்பு எலும்பின் அடியில் இறங்குகிறது. பள்ளம் வரும்போது எழுந்து நின்று முழங்காலால் அதிர்ச்சியை வாங்க வழியில்லை. பூப்பாறை தாண்டி தோட்டத்துக்குள் பிரியும் கல் ரோடுகளில் அது நேராக முதுகெலும்புக்குப் போகிறது. அந்த ரோடுகளில் போகாதவர் பிரச்சினை இல்லாமல் இருக்கலாம். நான் வண்டி வாங்குவதே அந்த மாதிரி ரோடு எங்கே போய் முடிகிறது என்று பார்க்கத்தான்.

வி-ஸ்ட்ராமிலும் ஹிமாலயனிலும் ஃபுட்ரெஸ்ட் நேர் கீழே. எழுந்து நிற்கலாம், நின்றபடியே ஓட்டலாம். நின்று ஓட்டுவது சாகசம் காட்ட அல்ல. கல் ரோட்டில் வண்டியைக் கீழே தன் போக்கில் ஆட விட்டு, உடம்பை மேலே அமைதியாக வைத்துக்கொள்ளும் முறை அது. இந்த விஷயத்தில் ஹிமாலயன் முன்னாடி, வி-ஸ்ட்ராம் நல்ல இரண்டாவது. 21 அங்குல முன் சக்கரம் கல்லில் ஏறுகிற விதம் 19 அங்குலத்துக்கு வராது.

அம்மாவிடமும் கேட்டேன், பின்சீட்டில் வருவது அவர்தான். மீட்டியாரில் ஏறுவது சுலபம் என்றார். ஹிமாலயனில் ஏற திண்ணை வேண்டும் என்றார். மூணாறு கேப் ரோட்டில் நிறுத்தித் தேநீர் குடித்தபோது, வி-ஸ்ட்ராமில்தான் முழங்கால் மடங்காமல் இருக்கிறது என்று சொன்னார். அறுபது வயதில் அவருக்கு ஏறுவதைவிட உட்கார்ந்திருப்பது முக்கியம். கேரளாவுக்குள் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். 2023 ஜூன் முதல் கேமரா வைத்தே அபராதம் போடுகிறார்கள். சட்டத்துக்காகச் சொல்லவில்லை. அம்மாவுக்கு என்னுடையதைவிட நல்ல ஹெல்மெட் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

மிச்ச சங்கதிகள்

பெட்ரோல். டேங்க் ஹிமாலயனில் 17 லிட்டர், மீட்டியாரில் 15, வி-ஸ்ட்ராமில் 12. நான் ஓட்டிய விதத்தில் மீட்டியாரும் வி-ஸ்ட்ராமும் லிட்டருக்கு 35 பக்கம் கொடுத்தன, ஹிமாலயன் 28, 29. மூன்றிலும் போடியில் நிரப்பினால் கொச்சி போய்விடலாம். கேரளாவில் பெட்ரோல் விலை நம்மைவிடக் கூடுதல், அதனால் இந்தப் பக்கமே நிரப்பிக்கொண்டு ஏறுவது எங்கள் ஊர் வழக்கம்.

பஞ்சர். மீட்டியாரிலும் வி-ஸ்ட்ராமிலும் அலாய் சக்கரம், டியூப் இல்லாத டயர். ஆணி ஏறினால் ரோட்டோரத்திலேயே திரி சொருகிக் காற்றடித்துப் போய்விடலாம், நானே செய்வேன். சித்தி மகனின் ஹிமாலயன் ஆரக்கம்பி சக்கரம், உள்ளே டியூப். பூப்பாறைக்கும் தேவிகுளத்துக்கும் நடுவில் ராத்திரி பஞ்சர் ஆனால் சக்கரத்தைக் கழற்றாமல் ஒன்றும் செய்ய முடியாது. அந்த வண்டியை வாங்குகிறவர்கள், டியூப் இல்லாத ஆரக்கம்பி சக்கரமும் இப்போது கிடைக்கிறது, கூடுதல் காசு கொடுத்து அதைத்தான் வாங்க வேண்டும்.

பழுது. ராயல் என்ஃபீல்டு 1955-லிருந்து சென்னையில் உருவாகிற வண்டி, 350-ஐக் கையில் எடுக்கத் தெரிந்தவர் ஊருக்கு ஒருவர் இருப்பார். இது மீட்டியாருக்குப் பெரிய பலம். தண்ணீரால் குளிரும் 450 இஞ்சின் புதுசு, அதற்கு கம்பெனி சர்வீஸ்தான் சரி. வி-ஸ்ட்ராமின் ஆயில் கூலிங் இஞ்சின் சுசுகியின் ஜிக்ஸர் 250-ல் இருப்பதேதான், தனிப் பிறவி இல்லை. ஆனாலும் சுசுகி வாங்குவதற்கு முன் உங்கள் ஊரிலிருந்து சர்வீஸ் சென்டர் எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்துவிடுங்கள்.

விலை. இதில் 2025 செப்டம்பர் 22 ஒரு கோடு கிழித்துவிட்டது. 350 சி.சி. வரை ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது, அதற்கு மேல் 40 ஆக ஏறியது. ஒரு சி.சி. வித்தியாசத்தில் மீட்டியார் மலிவுப் பக்கம் நிற்கிறது. அதுவும் வி-ஸ்ட்ராமும் ஷோரூம் விலையில் ஏறக்குறைய 2 லட்சத்தை ஒட்டி, ஹிமாலயன் 3 லட்சத்தைத் தாண்டி. அந்த ஒரு லட்சத்தில் நல்ல ஜாக்கெட், கணுக்கால் மூடும் பூட்ஸ், கையுறை, மழைச் சட்டை, இரண்டு பேருக்கும் ஹெல்மெட், பைகள் எல்லாம் வாங்கியும் இரண்டு வருடப் பெட்ரோலுக்கு மிச்சம் இருக்கும். வண்டிக்கு முழுப் பணத்தையும் போட்டுவிட்டு செருப்போடு மெட்டு ஏறுகிற பையன்களைப் பார்க்கும்போது வயிற்றைப் பிசைகிறது.

வேறு வண்டிகளையும் யோசித்தேன். எக்ஸ்பல்ஸ் 200 கல் ரோட்டுக்குத் தங்கம், மதுரை ரோட்டில் என் 150-ஐவிடப் பெரிய முன்னேற்றம் இல்லை. டோமினார் 400 சமவெளிக்கு அருமையான வண்டி, அடிப்பாக உயரம் 157 மி.மீ. என்பதால் எங்கள் பக்கம் தயக்கம். பழைய 411 ஹிமாலயன் நல்ல நிலையில் கிடைத்தால் சீட் 800 மி.மீ. தான், ஆனால் எடை 199 கிலோ, பன்னிரண்டாவது வளைவில் கதை மாறப்போவதில்லை.

யாருக்கு எது

ஐந்தடி எட்டு அங்குலத்துக்கு மேல் உயரம், சமவெளியில் நீண்ட தூரம் போகிறவர், ஒருநாள் லடாக் போகவேண்டும் என்று நிஜமாகவே நினைக்கிறவர்: ஹிமாலயன். யோசிக்க வேண்டாம். மூன்றில் அதுதான் முழுமையான பயண வண்டி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நிதானமாகப் போகிறவர், தார் ரோட்டை விட்டு இறங்காதவர், குள்ளமானவர், நடுவயதில் முதல்முறையாகப் பெரிய வண்டிக்கு வருகிறவர்: மீட்டியார். அதை லேசாக நினைக்காதீர்கள். இரண்டு காலும் தரையில் படுகிறது என்ற நம்பிக்கை ஓட்டுகிறவரின் முகத்தையே மாற்றும். எங்கள் அலுவலகத்து அண்ணன் ஐம்பத்திரண்டு வயதில் அதில் கன்னியாகுமரி வரை குடும்பத்தோடு போய் வந்தார்.

நான் வி-ஸ்ட்ராமைப் பதிவு செய்திருக்கிறேன்.

ஹிமாலயனில் என் பலம் முழுவதும் வண்டியைத் தாங்குவதற்கே செலவாகிறது. மீட்டியாரில் நான் புதிதாகக் கற்றுக்கொண்ட எதையும் பயன்படுத்த இடமில்லை. வி-ஸ்ட்ராம் நடுவில் நிற்கிறது. சரியான கியரில் நுழைய வேண்டும், சரியான பக்கம் காலை ஊன்ற வேண்டும், காற்றில் கையைத் தளர்த்த வேண்டும். தப்பு செய்தால் உடனே சொல்கிறது, ஆனால் தண்டனையை நான் தாங்குகிற அளவுக்குத்தான் கொடுக்கிறது. அடுத்த ஐந்து வருடம் ஓட்டப் பழக எனக்கு இது போதும். அப்புறம் ஹிமாலயன் என்ன, இன்னும் பெரியதுகூட வரட்டும்.

சீட் உயரத்தைக் குறைக்கப் பஞ்சை வெட்டிவிடலாம் என்று ஷோரூமில் சொன்னார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். பஞ்சு குறைந்தால் இருநூறாவது கிலோமீட்டரில் அது கேட்கும். அதற்குப் பதில் இரண்டு சென்டிமீட்டர் தடிமன் அடியுள்ள பூட்ஸ் வாங்கியிருக்கிறேன்.

நீங்களும் வண்டி பார்க்கப் போனால் ஒரு வேலை செய்யுங்கள். டெஸ்ட் ரைடு கொடுப்பவரிடம் கெஞ்சியாவது, பக்கத்தில் இருக்கிற ஏற்றத்துக்குப் போங்கள். மேம்பாலச் சரிவாக இருந்தாலும் சரி. பாதி ஏற்றத்தில் நிறுத்துங்கள், இடது காலில் ஒருமுறை, வலது காலில் ஒருமுறை. பின்சீட்டில் யாரையாவது உட்கார வைத்து இன்னொருமுறை. இஞ்சினை அணைத்துவிட்டு, இறங்கி நின்று, வண்டியைத் தள்ளித் திருப்பிப் பாருங்கள். முப்பது நிமிடத்தில் முடிந்துவிடும்.

வண்டி அடுத்த மாதம் வருகிறது. கார்த்திகை பிறந்துவிட்டால் சபரிமலை வண்டிகளுக்காகக் கம்பமெட்டும் குமுளியும் ஒருவழிப் பாதையாகிவிடும், அந்தப் பக்கம் போக நேரம் பிடிக்கும். அதனால் முதல் பயணம் போடிமெட்டு வழியாகத்தான். அம்மாவுக்கு நேரியமங்கலம் பாலத்தைப் பார்க்க வேண்டுமாம். காலை ஐந்தரைக்குக் கிளம்பினால், ஜீப்புகள் ஏறுவதற்கு முன்னால் பன்னிரண்டாவது வளைவைத் தாண்டிவிடலாம்.